ஒரே பாஸில் அடித்த பேனர்

கோடு பகலில் மட்டும்தான் விழுந்தது. வடிவின் மனசைக் குடைந்ததும் அதுதான்.

ஓசூரில், இங்க்ஜெட் அச்சு மெஷினுக்கு மை தெளிக்கிற ஹெட் செய்கிற ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. மூன்று வருஷமாக ஹெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். புதுசாக வந்த ஹெட் ஒன்று சாம்பல் நிறத் தாள் அடிக்கும்போதெல்லாம் மெல்லிய கோடுகளைப் போட்டுக்கொண்டிருந்தது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, சாய்த்துப் பிடித்தால் தெரியும். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையும், ஆளே இல்லாமல் தானாக ஓடவிட்ட தாளில் மட்டும் ஒரு கோடுகூட இல்லை. கரண்டில் கோளாறு என்றார் மேனேஜர். ஏசி அதிர்கிறது என்றார் எலக்ட்ரீஷியன். வாசலில் இருந்த செக்யூரிட்டி யாரையும் கேட்காமல் ஒரு எலுமிச்சம்பழத்தையும் ஏழு மிளகாயையும் கோத்து மெஷினில் தொங்கவிட்டார். கோடு குறையவில்லை. அவருக்கு மட்டும் மனசு நிறைந்துபோனது.

"எனக்கு முதல்ல ஒண்ணு சொல்லு. இந்த ஹெட்டு எப்படிப்பா வேலை செய்யுது?" என்று கேட்டாள் ஃபரீதா. ஸ்கேனர் பிரிவுக்கு வந்து இரண்டே மாதம் ஆன கிருஷ்ணகிரிக்காரி. கேட்பதற்கு வெட்கப்படாதவள்.

"ஆயிரத்துச் சொச்சம் ஓட்டை இருக்கு. ஒவ்வொண்ணுக்குப் பின்னாலயும் மயிரிழை மாதிரி ஒரு குழாய், அது நெறைய மை. அந்தக் குழாயோட சுவரு ஒரு வகைப் படிகம். கரண்டு குடுத்தா நெளியும். நெளிஞ்சா ஒரு சொட்டு வெளிய தெறிக்கும். அம்பது கோடிச் சொட்டு சேந்தாத்தான் ஒரு டீஸ்பூன் வரும்."

"அம்பது கோடியா! எண்ணிப் பாத்தியா?"

"எண்ணுறதுக்குத்தான சம்பளம். ஒரு ஓட்டை வினாடிக்கு இருபதாயிரம் தடவை துப்பும். இடையில குழாய்க்குள்ள ஒரு காத்துக் குமிழி புகுந்துட்டா அவ்வளவுதான், அந்த ஓட்டை ஊமையாயிரும். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு தந்திரம் பண்ணியிருக்காங்க. அதே படிகத்தை அமுக்கினா அதுலயும் கொஞ்சூண்டு கரண்டு வரும். சொட்டைத் துப்பினதும் குழாய் துளி நேரம் அதிரும்லா, அந்த அதிர்வை அது கவனிக்கும். குமிழி இருந்தா அதிர்வு மாறும். மாறின அளவுக்கு அடுத்த சொட்டைக் கூட்டிக் குறைச்சுக்கும்."

ஃபரீதா குனிந்து ஹெட்டை உற்றுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ வாயும் அதுதான், காதும் அதுதான்னு சொல்றே?"

"ஆமா."

"காதுன்னா, குழாயோட சத்தம் மட்டும்தான் கேக்குமா?"

வடிவு ஒரு சாம்பல் தாளை எடுத்துச் சாய்த்துப் பிடித்தாள். மூன்று வருஷமாக இந்த மாதிரி ஹெட்டுகளைக் கழற்றி மாட்டுகிறாள், இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை. பகலில் கோடு விழுகிறது. பகலில்தான் ஆள் இருக்கிறது, பேச்சு இருக்கிறது.

அன்று மாலைக்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு தாளை ஃபரீதா நுட்பமாக ஸ்கேன் செய்தாள். சொட்டு பெரியதாகவும் சிறியதாகவும் மாறுவதை வரிசையாக எழுதி, அதையே ஒலியாக மாற்றி ஸ்பீக்கரில் விட்டாள். முதலில் கரகரவென்று இரைச்சல். பிறகு ஒரு துண்டுப் பேச்சு, நடுவில் இரண்டு வினாடி உளறல், மறுபடி பேச்சு.

"…சனியனே, ஒழுங்கா அடிச்சுத் தொலையேன்…"

வடிவின் குரல்! செவ்வாய்க்கிழமை காலையில் மெஷினைத் திட்டியது, தாளில் அப்படியே உட்கார்ந்திருந்தது. இருவரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சுவத்துக்குக் காது உண்டுன்னு சொல்வாங்க, இது சுவத்துக்கு நாக்கும் வெச்சிருக்குதே!" என்றாள் ஃபரீதா. "நடுவுல எதுக்குப்பா உளறுது?"

"ஹெட்டு போகும்போதும் அடிக்கும், திரும்பும்போதும் அடிக்கும். திரும்பற வரியை நீ தலைகீழா வாசிச்சிருக்க."

வரியைத் திருப்பிப் போட்டதும் உளறல் பேச்சாகிவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் மூன்று வினாடி. ஹெட் ஓரத்தில் திரும்புகிற அரை வினாடி மட்டும் மௌனம். இன்னொன்றும் தெரிந்தது. மை விழுந்த இடத்தில்தான் குரல் இருந்தது, வெள்ளையாக விட்ட இடத்தில் எதுவும் இல்லை. கறுப்பு கூடக்கூடக் குரலும் தெளிந்தது.

"வடிவு, இது சின்ன விஷயமில்லைப்பா. மாசக் கடைசில பெங்களூர்ல மாநாடு இருக்கு. நம்ம ரெண்டு பேர் பேரும் போட்டுக் கட்டுரை அனுப்பிடலாம். எனக்கு இந்த மாதிரி ஒண்ணு கிடைக்கும்னு நான் நினைக்கவே இல்ல." ஃபரீதாவின் முகமெல்லாம் பூரிப்பு. "இந்தக் காது வெச்ச ஹெட்டு இப்பதானே வந்துது? பழசுல இல்லையே?"

"இருக்கு. ஆறு வருசம் முன்னால மலிவா ஒரு மாடல் விட்டாங்க. தெக்க உள்ள ஃபிளெக்ஸ் கடையில பாதி அதுதான்…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"என்கிட்ட ஒரு பேனர் இருக்கு."

"என்ன பேனர்? பிறந்தநாளா, கல்யாணமா?"

"நான் செத்ததுக்கு."

ஃபரீதா விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள். வடிவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

கதை ஒன்றும் ஊரில் நடக்காததில்லை. நடப்பதனால்தான் வயிறு எரிகிறது. திருநெல்வேலிக்குத் தெற்கே கீழமருதன்குளம். வடிவு வேறு சாதிப் பையன் தவசியைக் கல்யாணம் செய்துகொண்டு பஸ் ஏறி நான்கு வருஷமாகிறது. அவள் போன நாலாம் நாள் ஊரில் நான்கு இடத்தில் பேனர் கட்டினார்கள். கண்ணீர் அஞ்சலி. சண்முகவடிவு, தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி. மறைவுத் தேதி அவள் பஸ் ஏறிய நாள். பதினாறாம் நாள் கருமாதியும் நடந்தது. அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுததை ஊரே பார்த்தது. உயிரோடிருக்கிற பெண்ணுக்குக் கருமாதி வைக்கிற ஊர்!

பள்ளிக்கூடத்துத் தோழி ராஜகனி மனசு கேட்காமல் அதில் ஒரு பேனரை அவிழ்த்து ஓசூருக்கு அனுப்பிவைத்தாள். அதைத் தவசிதான் தூக்கிப் போடாமல், வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி ஸ்கூட்டருக்கு மூடாக்காகப் போட்டுவிட்டான். "நல்ல கனமான ஃபிளெக்ஸு, வீணாக்கக் கூடாது" என்றான். வடிவு அன்று சிரிசிரி என்று சிரித்துவிட்டுப் பிறகு குளியலறைக்குள் போய் அழுதாள்.

"அதை அடிச்ச கடையில அந்த மலிவு மெஷின்தான் இருந்துச்சு. நான் காலேஜ் படிக்கையில பாத்திருக்கேன்" என்றாள் வடிவு. "அது ஓடும்போது பக்கத்துல எங்க அப்பா நின்னிருப்பாரு. என்ன சொல்லி அடிக்கச் சொன்னாரு, எந்தப் படத்தை எடுத்துக் குடுத்தாரு. நாலு வருசமா இதையேதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன், ஃபரீதா. மனசாரச் செஞ்சாரா, செய்ய வச்சாங்களா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

தவசிக்கு இது பிடிக்கவில்லை. சனிக்கிழமை காலை ஸ்கூட்டரிலிருந்து பேனரை உருவிக்கொண்டே சொன்னான்: "கிணறு வெட்டப் பூதம் கிளம்பிரப் போவுது. உங்க அப்பா உன்னைய ஏசியிருந்தா, அதை உன் காதால கேட்டுட்டு எப்படி இருப்ப? இப்பன்னா நமக்குத் தெரியாதுன்னு ஒரு நிம்மதி இருக்குல்லா."

"எனக்கு அந்த நிம்மதி இல்லையே" என்றாள் வடிவு. அவன் பேனரை ஈரத்துணியால் துடைத்துச் சுருட்டிக் கொடுத்தான்.

லேபின் நீள மேஜையில் பேனரை விரித்ததும் ஃபரீதா "யா அல்லாஹ்" என்றாள். ஆறடிக்கு நாலடி. முழுக்கக் கறுப்பு. நடுவில் வடிவு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தைச் சுற்றிக் கம்ப்யூட்டரில் ஒட்டிய ரோஜா மாலை. மூலைகளில் இரண்டு விளக்கு.

பூதக்கண்ணாடியை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்த வடிவு நிமிர்ந்தாள். "ஒரே பாஸ்ல அடிச்சிருக்கான்."

"அப்படின்னா?"

"நல்ல பேனர்னா ஒரே இடத்துல ஹெட்டு நாலு தடவை போய்ப்போய் அடிக்கும். குரலெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கொழம்பிரும். சாவுப் பேனருக்கு எப்பவும் அவசரம், பொணம் எடுக்கதுக்குள்ள கட்டணும். அதனால கடைக்காரங்க ஒரே பாஸ்ல தள்ளிருவாங்க. கறுப்பும் ஜாஸ்தி. வேற எந்தப் பேனரும் இவ்வளவு சுத்தமாப் பேசாது."

ஸ்கேன் செய்ய மூன்று மணி நேரம் ஆனது. உரசித் தேய்ந்த இடங்களில் ஓட்டை விழும் என்று ஃபரீதா முன்கூட்டியே சொல்லிவைத்தாள். இருவரும் ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். மேலிருந்து, தலைப்பெழுத்திலிருந்து தொடங்கியது.

முதலில் வந்தது கொம்பையா மாமாவின் குரல். அம்மாவின் அண்ணன். வடிவைத் தன் மகனுக்கு என்று அவள் பிறந்த அன்றே முறை சொல்லி வைத்திருந்தவர்.

"…பேரு பெருசா வரணும்டே. நாலு ரோட்டுல போறவன் வண்டிய நிறுத்திப் படிக்கணும்… மாலைய இன்னும் தடியாப் போடு…"

கடைக்காரன் "சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி" என்றான். அப்பா சங்கரபாண்டியின் குரல் வரவே இல்லை. இருபது வரி, முப்பது வரி. கொம்பையாவே பேசிக்கொண்டிருந்தார். எந்தெந்தப் பஸ்ஸில் விசாரித்தார், யார் யாரைத் தூதுவிட்டார், கையில் கிடைத்தால் என்ன செய்வார் என்று. அப்பா அங்கே நின்றுகொண்டுதானே இருந்தார்? இதையெல்லாம் கேட்டுக்கொண்டு எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தார்?

அவளுடைய நெற்றி அச்சான வரியில் ஒரு போன் மணி அடித்தது. கொம்பையா "வாரேன், இங்கன டவர் இல்ல" என்று சொல்லிக்கொண்டே தள்ளிப் போனார். கண்கள் வந்தபோது கடைக்காரன் பேசினான்.

"அண்ணாச்சி, சிரிச்ச படமால்லா குடுத்திருக்கீக. இதுக்குச் சிரிக்காத படமாப் போடுததுதான் வழக்கம்."

மூன்று வினாடி மெஷின் சத்தம் மட்டும்.

"அதுவே கெடக்கட்டும் தம்பி."

அப்பா! நான்கு வருஷமாகக் கேட்காத குரல். ஃபரீதாவின் விரல்கள் வடிவின் தோளைத் தொட்டன.

"…நாலும் அடிச்சிரு. பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு, டீக்கடைக்கு மேல ஒண்ணு… அவன் வந்துரதுக்கு முன்ன ஒண்ணு சொல்லுதேன். நீ என்னையப் பத்தி என்ன நெனைக்கேன்னு எனக்குத் தெரியும்."

"நான் என்ன அண்ணாச்சி நெனைக்கப் போறேன்."

"பெத்த புள்ளைக்கு உசுரோட மாலை போடுதானேன்னு நெனைப்ப. நெனச்சுக்கோ… மச்சினன் மூணு நாளா வண்டியில அருவாளோட அலையுதான். கருமாதி வச்சு, ஊரு கூடி நிக்கையில அவனும் தலை முழுகிட்டான்னா, பொறவு அவளத் தேடிப் போவ முடியாதுல்லா. செத்தவளத் தேடிப் போனான்னா ஊரு அவனத்தான சிரிக்கும். அதுக்குத்தான்… எனக்கு வேற வழி தெரியல தம்பி."

உதடுகள் அச்சான இடத்தில் ஒரு கை அளவுக்கு மை தேய்ந்திருந்தது. ஸ்கூட்டரின் கண்ணாடி உரசிய இடம். அங்கே நான்கைந்து வரிகள் வெறும் இரைச்சல். பிறகு கடைக்காரனின் குரல் தணிந்து ஒலித்தது.

"…அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லல. அவளுக்கு அவ அண்ணன்கிட்டப் பொய் சொல்ல வராது. அதுவும் போவ… அவ நெசமா அழணும் தம்பி. அவ அழுதாத்தான் ஊரு நம்பும்."

வடிவு ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். கண்ணீர் மாலைமாலையாக வந்தது. மனசாரச் செய்தாரா என்று கேட்டாளே, செய்திருக்கிறார். அவளைக் காப்பாற்ற அம்மாவை அழவைத்திருக்கிறார். நான்கு வருஷமாக அம்மா நிஜமாகவே மகளைச் சாகக் கொடுத்தவளாக அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்திலேயே படுத்திருக்கிற மனுஷன் வாயைத் திறக்கவில்லை. அவர்மேல் ஆத்திரப்படுவதா, காலில் விழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்குதுப்பா" என்றாள் ஃபரீதா மெதுவாக. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "கடைசி ஆறு வரி."

அந்த ஆறு வரியும் ஸ்பீக்கரில் ஓடியது. கடைக்காரன்தான் பேசினான்.

"சரிதான் அண்ணாச்சி… நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்… ஆமா, புள்ள இப்ப எந்த ஊருல இருக்குன்னு உங்களுக்காவது தெரியுமா?"

அதோடு கறுப்பு முடிந்து ஓரத்து வெள்ளை வந்துவிட்டது.

இருவரும் அந்த இரண்டு அங்குல வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பதில் சொன்னாரா?" என்றாள் ஃபரீதா.

"சொல்லியிருந்தா அடுத்த பேனர்ல இருக்கும். நாலையும் ஒண்ணு பின்னால ஒண்ணாத்தான அடிச்சிருப்பான்."

சொல்லி முடிப்பதற்குள், மற்ற பேனர்கள் ஊரில் மாமா கைக்கெட்டுகிற இடத்தில் கிடக்கலாம் என்பது அவளுக்கு உறைத்தது. உடனே ராஜகனிக்குப் போன் போட்டாள். நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை.

"ஏட்டி கனி, மத்த மூணு பேனரும் இப்ப எங்க கெடக்கு?"

"என்னட்டி திடீர்னு? பஸ் ஸ்டாண்டுல இருந்ததுதான் ஒனக்கு அனுப்புனேன். டீக்கடைக்கு மேல இருந்தது வெயில்ல வெளுத்து ஒண்ணுமே தெரியல, போன வருசம் கிழிச்சுப் போட்டுட்டாக. கோயில் பக்கம் கட்டுனது புயல்ல போச்சு. இன்னொண்ணு ஒங்க மாமா வீட்டு வைக்கப்படப்பு மேல கெடக்கு. மழைக்கு மூடியிருக்காக."

"படம் மேல பாத்தா, கீழ பாத்தா?"

"கீழதான். செத்த மூஞ்சிய யாரு பாத்துக்கிட்டு இருப்பா?"

வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். வெயில் படாத பக்கம். நான்கு வருஷம் ஆகியும் ஒரு சொட்டுகூடக் கலங்காமல் கொம்பையா மாமாவின் வைக்கோல் படப்பு மேல் கவிழ்ந்து படுத்திருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவள் ஊர்ப் பெயர் இருக்கலாம். அப்பா போட்ட நாடகத்தின் மிச்சம் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

ஃபரீதாவுக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "நம்ம கட்டுரை வெளிய வந்தா ரெண்டே மாசத்துல போனை வெச்சு படம் புடிச்சாப் போதும், பேனர் பேசும்னு எவனாச்சும் ஒரு ஆப் விடுவான். ஊர்ல எல்லாரும் வீட்டுல இருக்கற பேனரையெல்லாம் எடுத்து விளையாடுவாங்க. உங்க மாமாவும்தான்."

"ஆமா."

"ஆனா நாம சொல்லாட்டியும் வேற ஒருத்தன் கண்டுபுடிப்பான் வடிவு. இன்னைக்கோ நாளைக்கோ."

"தெரியும். உன்கிட்ட வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. கண்டுபிடிச்சது நீ. கொஞ்சம் பொறுத்துக்கிடுவியான்னு மட்டும் கேக்கேன்."

"எவ்ளோ நாளு?"

வடிவு பழைய சோதனைக் கோப்புகளை எடுத்தாள். அந்த மாடலின் கறுப்பு மை, தெற்குச் சீமை வெயிலில் நேராகக் கிடந்தால் எவ்வளவு நாள் தாங்கும் என்று கம்பெனியே போட்ட கணக்கு அதில் இருந்தது. படம் மங்கத்தான் மூன்று வருஷம். சொட்டின் விளிம்பு கலைய அவ்வளவு வேண்டாம். விளிம்பு கலைந்தால் குரல் போய்விடும். இரண்டு கோடை போதும்.

"ரெண்டு கோடை" என்றாள். "படம் மேல பாத்துக் கெடந்தா."

ஃபரீதா கம்ப்யூட்டரில் பாதி எழுதிய கட்டுரையை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வடிவுக்குத் தெரியும். வேலைக்கு வந்த இரண்டாம் மாதத்தில் யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒன்று? பிறகு அவள் கோப்பை மூடினாள்.

"கோடு எப்படி வருதுன்னு மேனேஜர் கேட்டா?"

"எலுமிச்சம்பழம் பத்தலன்னு சொல்லு."

"போடி" என்றாள் ஃபரீதா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மதியம் வடிவு மறுபடி ராஜகனியைக் கூப்பிட்டாள். அப்பாவுக்குப் போன் செய்ய முடியாது. செத்தவளிடமிருந்து போன் வரக் கூடாது, அந்தக் கைப்பேசி எந்நேரம் யார் கையில் இருக்கும் என்று தெரியாது. அம்மாவுக்குச் சொல்ல முடியாது. நான்கு வருஷமாகத் தேடியது கையில் கிடைத்த பிறகு, ஒரு வார்த்தை பேச வழியில்லை. ராஜகனியிடம் இரண்டு முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"தனியா இருக்கையில அப்பாகிட்ட மட்டும் சொல்லணும். மாமா படப்பு மேல கெடக்கிற பேனரைத் திருப்பி, படம் வெயிலப் பாக்க மாதிரிப் போடச் சொல்லு. மக மூஞ்சியப் பாக்கணும்போல இருக்குன்னு மாமாகிட்டச் சொல்லிக்கிடட்டும், அதுக்கு அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எதுக்குன்னு அப்பா கேட்டா, வடிவு எல்லாத்தையும் கேட்டுட்டான்னு சொல்லு."

"என்னத்தக் கேட்ட? எனக்கு ஒரு எழவும் வெளங்கலட்டி."

"வெளங்க வேண்டாம். சொன்னதைச் சொல்லு."

திங்கட்கிழமை காலை சாம்பல் தாள் ஓடிக்கொண்டிருந்தபோது ராஜகனியின் குரல்செய்தி வந்தது. வடிவு மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"சொல்லிட்டேன்ட்டி. ஒங்க அப்பா தண்ணி பாச்சிக்கிட்டு நின்னாரு. எதுக்குன்னு கேப்பாருன்னு பாத்தேன், ஒரு வார்த்த கேக்கல. மம்பட்டிய அப்படியே போட்டுட்டு, ஏணிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."